பிழையாகப் பதில் சொன்னவர்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜுனைதீன் முதலாளியின் கொமியுனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், பாஸ்போர்ட் படம், மும்மொழியிலும் பெட்டிஷன். கடைக்குள் போனால் இடது பக்க மூலையில், மின்விசிறியின் காற்று எட்டாத இடத்தில், ஒரு பழைய கணினி. அதற்கு முன்னால் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவர் கந்தப்பன்.

வயது நாற்பத்தெட்டு. லுணுகலை வீதியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறார். மனைவி லெட்சுமி கொழுந்து பறிக்கிறாள். அவள் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இருக்கும் வரைதான் அந்த ஒற்றைக் காம்பரா அவர்களுடையது. ஆகையால் வீட்டுக்காரி லெட்சுமி. கந்தப்பன் அவளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆள். இதை லெட்சுமி சொல்லிக் காட்டியதில்லை. தோட்டத் துரை மட்டும் ஒரு தடவை சொல்லிக் காட்டினார்.

கடையில் அவருடைய வேலை, அரசாங்கம் கேட்கும் படிவங்களை மற்றவர்களுக்காக நிரப்பிக் கொடுப்பது. பகலில் கூட்டம் குறையும் நேரத்தில் இன்னொரு வேலை பார்த்தார். அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டுமானால் அதைத்தான் எழுத வேண்டும்.

கணினிக்கு நிரல் எழுதப் பழகும் தமிழ் ஆட்களுக்காக ஒரு மடற்குழு இருந்தது. ஒருவர் ஒரு மின்னஞ்சல் போட்டால் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேரும். கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். ஊவா மாகாணத்துப் பிள்ளைகள்தான் அதிகம். ஆரம்பித்தவர் கனடாவுக்குப் போனார். போகும்போது குழுவின் சாவியான கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவர் றுஷ்தி: பண்டாரவளைப் பிள்ளை, படு கெட்டிக்காரன், இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் பெரிய உத்தியோகம். மற்றவர் கந்தப்பன். இந்த இரண்டாவது நியமனத்துக்குக் காரணம், மற்றவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளாததுதான்.

சாவி கைக்கு வந்ததும் கந்தப்பன் ஒரு சட்டம் போட்டார். ‘நன்றி’, ‘அருமை’, ‘நானும் அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று ஒற்றை வரி மடல் யாரும் குழுவுக்கு அனுப்பக் கூடாது. அந்த நாளில் பிள்ளைகள் டேட்டா கார்ட் சுரண்டிப் போட்டு மடல் பார்த்த காலம். இருநூறு பேருக்கு ஒரு ‘நன்றி’ போவது வீண் செலவு. சட்டத்தை அவர் தோட்டத்தில் வேலை வாங்கும் ஐயாமார் மாதிரி நடத்தினார். மூன்றாம் தடவை நன்றி சொன்னவனைக் குழுவை விட்டே தூக்கினார். இரண்டு வருடத்தில் குழுவில் இருந்த எல்லாரையும் நன்றி கெட்டவர்களாக்கிய பெருமை அவருக்குச் சேர்ந்தது.

மற்ற விஷயம் தற்செயலாக நடந்தது.

மொனராகலையிலிருந்து ஒரு பிள்ளை கேள்வி ஒன்று போட்டிருந்தது. சின்னக் கேள்வி. மூன்று நாளாகியும் பதில் இல்லை. றுஷ்தியும் அவனைப் போன்ற எட்டுப் பத்துக் கெட்டிக்காரர்களும் குழுவில் இருந்தார்கள். ஆனால் இவ்வளவு சின்னக் கேள்விக்குக் குனிய அவர்களுக்கு நேரமில்லை. கந்தப்பன் மனம் பொறுக்காமல் தனக்குத் தெரிந்ததை எழுதிப் போட்டார். அது பிழை.

இருபது நிமிடம். றுஷ்தி வந்துவிட்டான். ‘மேற்படி தகவல் தவறானது, யாரும் பின்பற்ற வேண்டாம்’ என்று தொடங்கி நாற்பது வரியில் சரியான விடையை, உதாரணத்தோடு, படத்தோடு எழுதியிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவர் வந்து றுஷ்தி சொன்னதிலும் ஒரு நுணுக்கம் விடுபட்டுவிட்டது என்றார். மூன்றாமவர் இரண்டு பேரையும் திருத்தினார். ஒரு விடைக்காகக் காய்ந்துகொண்டிருந்த பிள்ளைக்கு மூன்று கிடைத்தது.

அன்றைக்குக் கந்தப்பனுக்கு முகம் சுருங்கியது. மறுநாள் லுணுகலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் விஷயம் புரிந்தது. கேள்வியைத் தாண்டிப் போகக் கெட்டிக்காரர்களால் முடிகிறது. பிழையான பதிலைத் தாண்டிப் போக முடியவில்லை. சோற்றில் கல் கடித்த மாதிரி அது அவர்களை என்னவோ செய்கிறது.

அதன்பிறகு ஒரு நாள் முழுக்கப் பதிலில்லாமல் கிடந்த எந்தக் கேள்விக்கும் கந்தப்பன் ஒரு பிழையான பதில் போட்டுவிடுவார். ஆரம்பத்தில் அதற்காக மெனக்கெட்டார். பிழை நம்பும்படி இருக்க வேண்டும், அதேநேரம் கண்ணில் குத்தவும் வேண்டும். போட்டுவிட்டு ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுத்து முடிப்பதற்குள் திருத்தம் வந்து விழும். பிள்ளைகள் அவருக்கு ‘எரர் அண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இப்படி ஒன்பது வருடம். குழுவில் பழகிய பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். கந்தப்பனும் திருத்தங்களைப் படித்துப் படித்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டார். ஆனால் கொஞ்சம்தான். போகப் போக, வேண்டுமென்றே விட்ட பிழை எது, தெரியாமல் விட்ட பிழை எது என்று அவருக்கே சொல்ல முடியாமல் போனது. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. எதுவானாலும் றுஷ்தி வந்துவிடுவான்.

லெட்சுமியிடம் ஒரு தடவை இதைச் சொன்னார். அவள் மண் அப்பிய காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப தெரிஞ்சே தப்பா சொல்றீங்க?”

“ஆமா.”

“அவன் வந்து வைவான்?”

“வைவான். அந்தப் புள்ளைக்கு வெடை கெடைச்சிரும்.”

“ஒங்களுக்கு?”

கந்தப்பன் வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

போன வருடம் பங்குனியில் றுஷ்தியின் நீண்ட மடல் வந்தது. குழுவை மூன்று பட்டியலாகப் பிரிக்க வேண்டும்: ‘தொடக்கம்’, ‘தேர்ச்சி’, ‘பொது’. அவரவர் தங்களுக்கு வேண்டியதில் சேரலாம். ஒரு மடல் ஒரு பட்டியலுக்கு மட்டும். பட்டியல் மாறி வரும் மடல் திருப்பி அனுப்பப்படும். மடலில் ஒரு வாக்கியம் கூட அநியாயமாக இல்லை. அதனால்தான் அதைப் படிப்பது கஷ்டமாக இருந்தது. ‘கந்தப்பன் அண்ணன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பிழைகளைத் திருத்துவதில் நான் தினமும் ஒரு மணித்தியாலம் செலவிடுகிறேன். இதனால் யாருக்கும் பயனில்லை.’

கந்தப்பன் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். ஒரு கிழவர் ஓய்வூதியப் படிவத்தோடு வந்து நின்றதால் மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை.

பிரிவு அவருக்குப் புதிதல்ல. அவருடைய தோட்டத்தில் தொழிற்சங்கம் நான்காகிவிட்டது. கோயில் கமிட்டி இரண்டு. ஒரே சாமிக்கு இரண்டு தேர். மரண உதவிச் சங்கமும் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று பிரிந்து, செத்தவர் எந்த டிவிஷன் என்று முடிவாகும் வரை பெட்டி வராது. பிரிந்த பிறகு எல்லாச் சங்கத்துக்கும் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், ரப்பர் முத்திரை இருந்தது. பிரச்சினை என்று போனால்தான் ஆள் இருக்கவில்லை.

இங்கே என்ன நடக்கும் என்பது அவருக்குத் துலாம்பரமாகத் தெரிந்தது. கெட்டிக்காரர்கள் ‘தேர்ச்சி’க்குப் போவார்கள். பிள்ளைகள் ‘தொடக்க’த்தில் கேட்பார்கள். நடுவில் தன் பிழையைப் பார்த்துக் கோபப்பட ஒருவரும் இருக்க மாட்டார்கள். இதை எழுதினால் போதும், றுஷ்திக்கு விளங்கும். ஆனால் எழுதினால் இத்தனை வருடமும் அவர்களைத் தூண்டில் போட்டு இழுத்ததாகிவிடும். தூண்டில் என்று தெரிந்த பிறகு எந்த மீன் கடிக்கும்?

ஜுனைதீன் முதலாளி பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“எனத்த கந்தப்பன், காலையில ஈந்து அதையே பாத்துட்டு ஈக்கிறீங்க? யாரும் மவுத்தாகிட்டாங்களா?”

“இல்லங்க முதலாளி. நம்ம குழுவ பிரிக்கப் போறாங்களாம்.”

“எத்தன பேர் அதுல?”

“இருநூத்திப் பன்னண்டு.”

“பேசுறது?”

“ஒரு ஒம்போது பேரு.”

“ஒம்பது பேர மூணாப் பிரிச்சா ஆளுக்கு மூணு. நல்லதுதானே, சண்ட வராது” என்றார் முதலாளி. பிறகு கந்தப்பனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “விருப்பமில்லாட்டி ஏலாண்டு செல்லுங்களேன். வாயில எனத்த, பிளாஸ்டரா?”

கந்தப்பன் ஏலாது என்று எழுதினார். ஆனால் உண்மைக் காரணத்தை விட்டுவிட்டு, ‘சிறிய சமூகம் நாம், பிரிந்தால் பலவீனப்படுவோம், ஒற்றுமையே நம் ஆயுதம்’ என்று மேதினக் கூட்டத்தில் பேசுவது மாதிரி எழுதினார். தோட்டத்துப் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் கேட்டு, காது மரத்துப் போன வசனம்.

ஒரு வாரம் வாக்கெடுப்பு. ஆதரவோ எதிர்ப்போ குழுவுக்கே எழுத வேண்டும் என்றான் றுஷ்தி. பிரிக்க வேண்டும் என்று நான்கு பேர் எழுதினார்கள். நான்கும் காரணகாரியத்தோடு, பந்தி பந்தியாக. வேண்டாம் என்று எழுதியது கந்தப்பன் மட்டும்.

அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு அறுபத்து மூன்று மடல் வந்தது.

‘அண்ணே, நானும் ஒங்க பக்கம்தான். ஒத்த வரியா இருக்கிறதால குழுவுக்கு அனுப்பல்ல.’ ‘எரர் அண்ணன், பிரிக்க வேணாம். ரூல் இருக்குதே, அதான் தனியா எழுதுறேன்.’ ‘நானும்.’ ‘நானும் அண்ணே.’ ‘நானுந்தான், குழுவுல சொல்ல ஏலாதே.’ அவர் போட்ட சட்டத்தை அறுபத்து மூன்று பேரும் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருந்தார்கள்.

கடைசி நாள் காலையில் அவர் குழுவுக்கு எழுதினார்: ‘இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒற்றை வரி மடல் அனுப்பலாம்.’ மாலை வரை எட்டுப் பேர் பதில் போட்டார்கள். தனி மடலில்தான். உண்மையாகவே அனுப்பலாமா, பிறகு தூக்கிவிட மாட்டீர்களே என்று கேட்டு.

றுஷ்திக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, அறுவத்தி மூணு பேரு எனக்கு எழுதியிருக்காங்க. வேணுமுன்னா எல்லாத்தையும் அனுப்பி வைக்கிறேன்.”

“நம்புறேன் அண்ணன். ஆனா அவங்க வெளியில செல்லல்லயே. ஒளிச்சு வெச்ச வோட்ட எண்ண ஏலாது தானே. அதோட ரூல் போட்டது நீங்க.”

“ஆமா. நாந்தான் போட்டேன்.”

“கவலப்படாதீங்க. ‘தொடக்கம்’ ஒங்கட கையிலதான். நீங்கதான் அதுக்குப் பொறுப்பு.”

சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள் குழு மூன்றானது. ‘தொடக்கம்’ பட்டியலில் நூற்றுப் பதினெட்டுப் பேர். கெட்டிக்காரர்களில் ஒருவர் கூட அதில் இல்லை. முதல் கேள்வி வந்ததும் கந்தப்பன் ஒரு நாள் காத்திருந்து, வழக்கம்போலப் பிழையான பதிலைத் தயாரித்து, கேள்வியையும் பதிலையும் சேர்த்து ‘தேர்ச்சி’ப் பட்டியலுக்கு அனுப்பிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் றுஷ்தியிடமிருந்து மடல் வந்தது. கந்தப்பன் கையிலிருந்த படிவத்தை வைத்தார். திறந்து பார்த்தார். ‘அண்ணன், பட்டியல் மாறி வந்திருக்கிறது. இது தொடக்கநிலைக் கேள்வி.’ பிழையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதன்பிறகு சரியான பதிலைத் தேடிப் பிடித்துச் சொல்லப் பாடுபட்டார். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆங்கிலப் பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதி விளங்கியது. விளங்கிய பாதியை எழுதினார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சொன்னதெல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

ஆடி மாதம் யசோதினி என்ற பிள்ளை கேட்டது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம். டவுனில் ஒரு பேக்கரியில் கெஷியராக இருந்தவள். விடுதிகளுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பனி ஒன்று ஒரு வாரம் பரீட்சார்த்தமாக வேலை தருவதாகச் சொன்னதால் பேக்கரியை விட்டுவிட்டாள். விருந்தாளிகளின் பெயர்ப்பட்டியலில் இரண்டு தடவை, மூன்று தடவை வந்திருக்கும் பெயர்களை நீக்கி, ஒவ்வொன்றையும் ஒரு தடவை மட்டும் வைக்க வேண்டும். அதற்கு நிரல் எப்படி எழுதுவது? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

கேள்வி புதன்கிழமை வந்தது. வியாழன் மத்தியானம் கந்தப்பன் பதில் எழுதினார். பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போ, ஏற்கனவே பார்த்த பெயர் மறுபடி வந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிடு, அடுத்ததுக்குப் போ. சரிபோலத்தான் இருந்தது. ஐந்து பெயர் போட்டு ஓட்டிப் பார்த்தார், ஒழுங்காக வந்தது. ஆனாலும் என்னவோ உறுத்தியது. முன்பென்றால் அந்த உறுத்தலோடுதான் மடலை அனுப்பியிருப்பார்; உறுத்தலைத் தீர்த்து வைக்க மேலே ஆள் இருந்தது. அந்தப் பழக்கம் கையில் இருந்தது. கை அனுப்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது.

“எரர் அண்ணங்களா? நா யசோதினி பேசுறேங்க. அப்புத்தள.”

“சொல்லும்மா. வேல சரியா?”

“இல்லிங்கண்ணே. சரிவராதுன்னுட்டாங்க.” குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல். “நா அனுப்பின லிஸ்டுல பாதிப் பேரு அப்புடியே ரெண்டு ரெண்டா இருந்திருக்கு. அவங்க பாக்காம வெள்ளக்காரங்களுக்கு மடல் அனுப்பிட்டாங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு. ஒருத்தன் திட்டி எழுதிட்டானாம்.”

கந்தப்பன் தான் எழுதிய பதிலைத் திரையில் திறந்தார்.

“என்னா தப்புன்னு நேத்துதான் கண்டுபுடிச்சேண்ணே. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கங்காணி வரிசைய எண்ணிக்கிட்டே போறாருன்னு வைங்க. அஞ்சாவது ஆள வெளிய போன்னு அனுப்பிட்டாரு. ஒடனே ஆறாவது ஆளு ஒரு எட்டு முன்னுக்கு வந்து அஞ்சாவது எடத்துல நிக்குது. கங்காணி நேரா ஆறாவது எடத்துக்குப் போயிர்றாரு. அந்த ஆள அவரு பாக்கவே இல்ல. அப்புடித்தான் பக்கத்துப் பக்கத்துல இருந்த பேரெல்லாம் தப்பிச்சிருக்கு.”

இதைவிட நன்றாக றுஷ்தியும் விளக்கியிருக்க மாட்டான்.

“என்னாலதாம்மா” என்றார் கந்தப்பன்.

“நாந்தான் பாத்திருக்கணும். யாருமே ஒண்ணும் சொல்லல்லியா, அதனால சரின்னு நெனைச்சிட்டேன். முன்னுக்கெல்லாம் நீங்க சொன்னா ஒடனே யாராச்சும் வந்துருவாங்கள்ல?”

“பேக்கரிக்குத் திரும்பப் போகலாமா?”

“வேற ஆளு போட்டுட்டாங்கண்ணே. பரவால்ல. மாமா கொழும்புல கார்மென்ட்ஸ் ஒண்ணு இருக்குங்கிறாரு. வைக்கிறேங்க.”

அந்தப் பின்னேரமே கந்தப்பன் றுஷ்திக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். மொனராகலைப் பிள்ளையிலிருந்து தொடங்கி, ஒன்பது வருடமும் பிழையை எப்படித் தேடித் தேடிப் போட்டார் என்று, எதை எதற்காகப் போட்டார் என்று. சொல்லச் சொல்ல அவருக்கே அது ஒரு கெட்டிக்காரன் செய்த காரியம் மாதிரி கேட்டது.

மறுமுனையில் றுஷ்தி மெதுவாகச் சிரித்தான். கேலியாக இல்லை, வயது போன ஆளிடம் சிரிப்பது மாதிரி.

“அண்ணன், எனத்துக்கு இப்பிடியெல்லாம்? பிழ விடாத ஆள் யாரு? அதுக்காக வேணுமெண்டே செஞ்சதா செல்லத் தேவையில்ல.”

“இல்ல தம்பி, நெசமாத்தான்.”

“அந்தப் புள்ளைக்குச் சொன்னதும் வேணுமெண்டேவா?”

கந்தப்பன் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் தெரிந்தே ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தவர். இல்லை என்றால் மற்றப் பிழைகளும் தெரியாமல் விட்டவைதான் என்றாகிவிடும். உண்மையில் எது என்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை.

“பாருங்க” என்றான் றுஷ்தி, அன்பாக. “விடுங்கண்ணன். ஒங்கட மனசு எனக்குத் தெரியும்.”

மறுநாள் ‘தொடக்கம்’ பட்டியலில் பசறையிலிருந்து ஒரு கேள்வி இருந்தது. கந்தப்பனுக்கு அதில் முக்கால்வாசி தெரியும். எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, ‘எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை’ என்று அனுப்பினார். அடுத்த கேள்விக்கும் அதையே அனுப்பினார். ஆவணியில் நான்கு கேள்வி வந்தது, புரட்டாதியில் ஒன்று. ஐப்பசி மழை தொடங்கி, ரயில் பாதையில் மண் சரிந்து, பதுளைக்கு ரயில் வராமல் கிடந்த நாட்களில் ஒன்றும் வரவில்லை.

மார்கழியில் றுஷ்தி ‘பொது’ப் பட்டியலில் அறிக்கை வெளியிட்டான். பிரிவுக்குப் பின் தேவையற்ற மடல்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ‘தொடக்கம்’ பட்டியலில் தற்போது விடையளிக்கப்படாத கேள்வி எதுவும் இல்லை. இதற்காகக் கந்தப்பன் அண்ணனைக் குழு பாராட்டுகிறது.

“பேர் வந்தீக்கே” என்றார் ஜுனைதீன் முதலாளி, தோளுக்கு மேலால் படித்துவிட்டு. “இப்பதான் நேரத்தோட வேலையெல்லாம் முடியுது. முந்தியே பிரிச்சிருக்கலாமே.”

“ஆமாங்க முதலாளி.”

கண்ணாடிக்கு வெளியே நனைந்த குடையோடு தோட்டத்துப் பெண்ணொருத்தி, பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிய காகிதங்களை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். கந்தப்பன் பட்டியலை மூடினார்.

“உள்ள வாங்கம்மா” என்றார். “என்னா படிவம்?”